பசித்த தண்ணீர்

மார்ச் 3. காலை 6:40

இல்லை, கடல் தண்ணீர் ஆகாது. எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரிகிறதே, ஒரு வாளி மொண்டு வந்தால் போதாதா என்று. தூத்துக்குடிக் கரையில் இப்போது நண்பகலில் கால் வைத்தால் வெந்நீர். பவளம் செத்தது அந்தத் தண்ணீரில்தான். அதையே கொண்டுவந்து மிச்சமிருப்பதற்கும் ஊற்ற முடியாது.

ஆகவே கடலை நான் செய்கிறேன். ஒன்றுமில்லாத தண்ணீர். அதில் அளந்து போட்ட உப்பு.

பெயர்: பெனிட்டா மோத்தா. பகலில் உப்பளத்துச் சோதனைக்கூடத்தில் வேலை. நான்காம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. படுக்கையறை தொட்டிக்கு. நான் கூடத்தில் படுக்கிறேன். தொட்டியில் ஒரு மான்கொம்புப் பவளம், விரித்த கை அளவு. தீவுகளுக்கு அப்பால் பவளமெல்லாம் சூட்டில் வெளுத்துச் செத்த வருடத்தில், ஆராய்ச்சி நிலையம் மூடப்படுவதற்கு முன், துண்டு துண்டாக வீடுகளுக்குக் கொடுத்தார்கள். வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று. இந்த இனத்தில் இன்று உயிரோடிருப்பவை இரண்டு என்று நினைக்கிறோம். ஒன்று என்னிடம். ஒன்று மண்டபத்தில், என் சீனியர் கிளாட்வினிடம்.

எனக்குப் பின் இதைப் பார்த்துக்கொள்ளப் போகும் உங்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் யாரென்று தெரியாது.

வெப்பம் 27. உப்பு 35. தயாரித்த தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருப்பதை மீட்டர் காட்டும் அளவு, 0. நல்ல நாள்.

காலை 7:15

தண்ணீர் இப்படி வருகிறது. மாநகராட்சிக் குழாய். பஞ்சு வடிகட்டியில் மண்ணும் துருவும் நிற்கும். கார்பனில் குளோரின் நிற்கும். பிறகு மெம்பரேன், உப்பை நிறுத்தும் சவ்வு. கடைசியில் மிச்சத்தைப் பிடிக்கும் ரெசின் குழல், நீலமாக இருக்கும்வரை நம்பலாம், பழுப்பானால் மாற்ற வேண்டும். ஒரு குடம் தூய தண்ணீர் இறங்க மூன்று குடம் வெளியே ஓடும். அந்த மூன்று குடம்தான் இந்தக் கட்டடத்தில் என் பெயர்.

ஒலிச்செய்தி, தரைத்தளம், சொர்ணக்கிளி அக்கா: "ஏட்டி பெனிட்டா, மேல இருந்து சாக்கடைக்குத் தண்ணி அருவி மாதிரி விழுது. நாங்க இங்க ஒரு கொடத்துல குளிச்சு, அதுலயே துணியையும் அலசிக்கிட்டுக் கெடக்கோம். ஒந் தொட்டியில மீனுகூட இல்லையாம்லா. கல்ல வளக்கியாம். கல்லுக்கு எதுக்குட்டி மினரல் வாட்டரு?"

கல் இல்லை அக்கா, உயிர் என்று பதில் அனுப்பினேன். அதற்கு ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. நீளமான சிரிப்பு.

மார்ச் 7. மாலை 5:50

ஒரு கிளையின் நுனியை நகமளவு ஒடித்துப் பார்த்தேன். உடைந்த இடத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். கடுகைவிடச் சிறியவை. முட்டைகள்.

இத்தனை வருடத்தில் முதல்முறை. உட்கார்ந்துவிட்டேன்.

ஒலிச்செய்தி, மண்டபம், கிளாட்வின்: "பெனி! எனக்கும் வந்திருக்கு. ரெண்டும் ஒரே மாசம், யோசிச்சுப் பாரு. பௌர்ணமி முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல விடும். முந்தின நாளே வண்டி எடுத்துட்டு வாரேன். உம் பிள்ளைய எம் பிள்ள பக்கத்துல உக்கார வைப்போம். சம்பந்தி ஆயிருவோம். பயப்படாத, சீர்வரிசை எதுவும் கேக்க மாட்டேன். உப்பு மட்டும் ரெண்டு மூட்ட அனுப்பிரு."

பிறகு இன்னொரு செய்தி. குரல் தணிந்திருந்தது.

"ஒண்ணு சொல்லணும். என்னோடது ஓரமெல்லாம் வெளுக்குது. அடுத்த வருசம் வரைக்கும் தாங்காது. இந்தத் தடவ விட்டா அவ்ளோதான்."

விளங்காதவர்களுக்கு: ஒரே பவளத்தின் முட்டையும் விந்தும் தமக்குள் சேராது. இரண்டு வெவ்வேறு பவளங்கள் ஒரே மாலையில் விட வேண்டும். உலகத்தில் இரண்டு. ஒரு மாலை. அதுவரை என்னுடையது உயிரோடு இருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

மார்ச் 10. மாலை 6:30

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் உறிஞ்சு வாயில் சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், அடைத்துக்கொண்டது. டன் கணக்கில். சூடான கடலில் அது ஒன்றுதான் சந்தோஷமாக இருக்கிறது. மாநகராட்சித் தண்ணீர் இனி மாடிக்கு ஏறாது. தரைத்தளத்தில் மோட்டார் போட்டு இழுத்தால் நூலாக வருகிறது.

வேறு தண்ணீர் தேடினேன். கட்டடத்தின் ஆழ்துளைக் கிணற்றில் மீட்டர் நான்காயிரம் காட்டியது. மெம்பரேன் ஒரு வாரத்தில் செத்துவிடும். லாரித் தண்ணீர் எந்த ஊர்க் குளம் என்று ஓட்டுநருக்கே தெரியவில்லை. மழை இல்லை.

சோதனைக்கூடத்து ஏசியின் வடிகுழாய்க்குக் கீழே ஒரு வாளி நிறைந்திருந்தது. மீட்டர் 4 காட்டியது. ஆசையாக இருந்தது. ஊற்றிவிட்டேன், செடிக்கு. ஏசியின் குளிர்ச்சுருள் செம்பு. அதன்மேல் வழிந்த தண்ணீரில் செம்பு இருக்கும். மனிதருக்கு ஒன்றும் ஆகாது. நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

தூய தண்ணீர் ஒரு நிலை இல்லை. ஒரு பசி. தன்னிடம் ஒன்றுமில்லாததால் தொட்டதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பாத்திரத்தை, குழாயை, காற்றை. அதனால்தான் பிளாஸ்டிக் கேன்.

மார்ச் 12. இரவு 7:45

வழி கிடைத்தது. சொர்ணக்கிளி அக்காவின் பின்கட்டில் மோட்டார் இருக்கிறது. வடிகட்டி முழுவதையும் கழற்றி அங்கே மாட்டினேன். தூய தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பகலெல்லாம் என் கேனில் விழும். கழிவு அவருடைய அண்டாவுக்குப் போகும்.

ஒலிச்செய்தி, சொர்ணக்கிளி அக்கா: "மூணு கொடம் எனக்கு, ஒரு கொடம் ஒனக்கு. இப்பம்தான் ஞாயம் சரியா இருக்கு. நீ வேலைக்குப் போ தாயி. சாவியக் குடுத்துட்டுப் போ. காலையில நானே மேல கொண்டாந்து அந்த மூடிபோட்ட வாளியில ஊத்திருதேன். முட்டி வலிக்கத்தான் செய்யும். அதுக்கென்ன, ஒம் பிள்ளையப் பாத்த மாதிரியும் ஆச்சு."

இன்று மாலையே சாவியோடு மேலே போய்ப் பார்த்திருக்கிறார். இன்னொன்று வந்தது.

"ஏ, அது பூக்குதுட்டி! விளக்கு வெளிச்சத்துல மொட்டு மொட்டா நீட்டிக்கிட்டு அசையுது. நான் கல்லுன்னு சொன்னத அதுகிட்டச் சொல்லிராத."

இதை எழுதும்போது சிரிக்கிறேன். பதிவில் சேர்க்கலாமா தெரியவில்லை. சேர்க்கிறேன்.

மார்ச் 15. காலை 6:20

நேற்று வாளித் தண்ணீரின் டிடிஎஸ் 2.

ரெசின் இன்னும் நீலம். இருந்தாலும் மாற்றினேன். இன்றும் வாளியில் 2. மீட்டரின் பேட்டரி பழசு. இரண்டு என்பது ஒன்றுமில்லை. ஆவியானதற்கு ஈடாக, வழக்கம்போல் தொட்டியில் ஊற்றினேன்.

மார்ச் 17. மாலை 6:05

தொட்டியில் பாசி மேயும் நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து கிடக்கின்றன. மூன்று. ஒன்று இன்னும் அசைகிறது, திரும்பத் தெரியாமல்.

பவளம் மூடிக்கொண்டது. நேற்று மாலையே மூடியிருந்தது. நான் தூங்குகிறது என்று நினைத்தேன். என்ன ஒரு சொல்.

வெப்பம் 27. உப்பு 35. எல்லா எண்களும் சரி.

ஒலிச்செய்தி, கிளாட்வின்: "நத்த விழுந்துச்சுன்னா செம்பா இருக்குமோ பெனி? ஏசித் தண்ணி ஏதும் எடுத்தியா? கோவப்படாத, கேக்கணும்லா. செம்பு பட்டிருந்தா முன்னாடியே சொல்லிரு. போன வருசம் கீழக்கரையில இருந்து ஒருத்தர் கெள ஒண்ணக் கொண்டு வந்தாரு. செம்பு பட்டதுன்னு பேச்சுவாக்குல சொன்னாரு. வாசல்லயே திருப்பி அனுப்புனேன். நின்னு அழுதாரு மனுசன். நான் என்ன செய்ய? உள்ள விட்டு என்னோடதும் போயிட்டா?"

கோபப்பட்டேன். ஏசித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை, செம்பே படவில்லை அண்ணே, நான் என்ன முதலாமாண்டு மாணவியா என்று அனுப்பினேன். அப்போது எனக்குத் தெரிந்தவரை அது உண்மை.

மார்ச் 18. காலை 8:10

ஒலிச்செய்தி, சொர்ணக்கிளி அக்கா: "நேத்து மூஞ்சி வாடிப்போயி ஏறிப் போன. பிள்ளைக்கு மேலுக்கு முடியலையோ? என் பக்கம் ஒரு கொறையும் இல்ல, கேட்டுக்கோ. நீ குடுத்த கேனு ஒரே பிளாஸ்டிக் வாட. இம்புட்டுச் சுத்தமா எறக்குன தண்ணிய அதுலயா வைக்கதுன்னு, செப்புக் கொடத்துல ஊத்தி ராவெல்லாம் வச்சிருந்துல்லா கொண்டாரேன். தெனமும் புளி போட்டுத் தேச்சு. தங்கம் மாதிரி மின்னுது. எம் மருமவகூட அந்தக் கொடத்தத் தொட்டதில்ல, பாத்துக்கோ."

மூன்று முறை கேட்டேன்.

புளி செம்பின் மேலுள்ள களிம்பை எடுத்துவிடும். களிம்பு இருந்தால்கூடக் கொஞ்சம் தடுத்திருக்கும். பளபளக்கும் வெறும் செம்பு. அதில் பசித்த தண்ணீர். ஒரு இரவு முழுக்க. தினமும்.

தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். செம்பு போகாது. தங்கும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

காலை 8:40

அலமாரியின் அடியில் செம்புச் சோதனைக் குப்பி இருந்தது. உறை பிரிக்காதது. தொட்டித் தண்ணீரில் சொட்டு விட்டேன். நிறம் மாறியது. மாறக் கூடாது.

மீட்டர் 2 என்று சொன்னபோது அது சரியாகத்தான் சொன்னது.

பகல் 1:15

வேலைக்குப் போகவில்லை. தண்ணீரை மாற்றிப் பயனில்லை, தொட்டியின் பாறையும் மணலும் செம்பைக் குடித்திருக்கும். இனி மெல்லக் கக்கும். வேறு பாத்திரம் வேண்டும். முழுக்கப் புதுத் தண்ணீர் வேண்டும். அதற்கு அக்காவின் மோட்டார் இரவு பகலாக ஓட வேண்டும். நாளை காலையும் அவர் அந்தக் குடத்தோடு ஏறி வருவார்.

இனி நானே வந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறேன் என்று மட்டும் அனுப்பினேன்.

ஒலிச்செய்தி, சொர்ணக்கிளி அக்கா: "ஏன்? எங் கை ஆகலையோ? முட்டியப் பிடிச்சுக்கிட்டு நாலு மாடி ஏறுனேன். இப்ப நான் ஊத்துனா தீட்டாயிருமோ ஒங் கல்லுக்கு? நேராச் சொல்லுட்டி. மூணாம் மனுசிகிட்டப் பேசுத மாதிரிப் பேசாத."

நேராகச் சொன்னேன். நான் அனுப்பியது இது, சொல் மாறாமல்: "அக்கா, உங்க கை இல்ல. கொடம். செம்பு அதுக்கு விஷம். பாதி செத்துருச்சு."

அனுப்பிய பிறகு அதை ஒருமுறை கேட்டேன். என் குரலில் ஒரு சுத்தம் இருந்தது. யாரையும் கடிக்கும் சுத்தம்.

மாலை 4:30

மோட்டார் ஓடுகிறதா என்று தரையில் காதை வைத்துப் பார்த்தேன். நான்கு மாடி. என்ன கேட்கும்.

மாலை 6:20

ஒலிச்செய்தி, சொர்ணக்கிளி அக்கா: "செம்பு நல்லதுன்னுதான ஊரே சொல்லுது. எங்க வீட்டுல எல்லாருக்கும் அந்தத் தண்ணிதான். எம் மாமியா அதக் குடிச்சே தொண்ணூறு வரைக்கும் இருந்து என் உசுர வாங்குனா. ஒங் கல்லுக்கு ஆகாதுன்னு எனக்கு எப்படிட்டித் தெரியும்? நீ படிச்சவதான. ஒரு வார்த்த சொல்லிருக்கணும்லா."

ஆம்.

பிறகு மூக்கை உறிஞ்சும் ஓசை, பின்னால் மோட்டார்.

"நீல டிரம்மக் காலி பண்ணிட்டேன். பிளாஸ்டிக்குதான், பயப்படாத. ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுல யாரும் குளிக்க மாட்டோம், மிசின ஓட்டிக்கோ. ஒண்ணே ஒண்ணு. அந்த மண்டபத்துத் தம்பி வருவாம்லா. அவங்கிட்ட எம் பேரச் சொல்லிராத தாயி. கடலுல மிஞ்சுனதக் கொன்ன சிறுக்கின்னு எவன் வாயிலயும் நான் விழக் கூடாது."

சொல்ல மாட்டேன் அக்கா என்று அனுப்பினேன்.

மார்ச் 20. மாலை 5:40

நீல டிரம்மைப் படுக்கையறையில் வைத்து நிறைத்தேன். கேனில் பிடித்து நானே சுமந்தேன். உப்பு கலந்து ஒரு நாள் ஓடவிட்டு, இன்று பவளத்தை அதற்கு மாற்றினேன்.

அடிப்பகுதி முழுக்கத் தோல் உரிந்து வெள்ளை. விரித்த கை என்று எழுதியிருந்தேன். இரண்டு விரல்கள் மிச்சம். மற்றவற்றைக் குறடால் வெட்டி எடுத்தேன். சத்தம் சுண்ணாம்புக்கட்டி ஒடிவதுபோல்.

டிரம்மில் வேறொன்றுமில்லை. பாறை இல்லை, மணல் இல்லை, நத்தை இல்லை. இரண்டு விரல்கள்.

மார்ச் 23. மாலை 6:15

திறந்தது.

மேல் கிளையில் நான்கைந்து மொட்டுகள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், மூச்சு பட்டால்கூடத் தண்ணீரில் ஏதாவது கரைந்துவிடும் என்பதுபோல்.

செம்புச் சோதனை: நிறம் மாறவில்லை. இதற்குப் பொருள் குப்பியால் காண முடியவில்லை என்பது மட்டும். முட்டையும் விந்தும் சேர்வதைக் கெடுக்க, குப்பி காண்பதைவிடக் குறைவான செம்பு போதும். படித்திருக்கிறேன். பவளம் பிழைக்கும், அதன் முட்டை பிழைக்காது.

நுனியை ஒடித்தேன். புள்ளிகள் இருக்கின்றன. முன்பைவிட வெளிறி. அல்லது மாலை வெளிச்சம். அல்லது நான்.

அக்காவுக்கு மட்டும் சொன்னேன், திறந்துவிட்டது என்று. "சாமி" என்றார். குடம் என்று சொன்ன நாளிலிருந்து அவர் மேலே வரவில்லை.

மார்ச் 25. மாலை 7:00

ஒலிச்செய்தி, கிளாட்வின்: "என்ன சம்பந்தி, சத்தத்தக் காணோம்? நத்தைக்கு என்னதான் ஆச்சு, கண்டுபிடிச்சியா? என்னோடது நல்லா சிவந்திருக்கு பெனி. வெளுத்த பக்கத்துலகூட முட்ட இருக்கு. சாகப் போறது கடைசியா எல்லாத்தையும் அள்ளிக் குடுக்குது. பாத்தா பயமா இருக்கு."

என் பதில்: "உப்பு கூடிருச்சு அண்ணே. கவனிக்கல. கொஞ்சம் கருகிருச்சு. மிச்சம் நல்லா இருக்கு."

பதிவு செய்து, கேட்டு, அனுப்பினேன். மூன்றுக்கும் நேரம் இருந்தது.

அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன். அவர் கேட்டது அவர் பெயரை மட்டும். பெயரில்லாமல் செம்பைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாசலோடு திருப்பி அனுப்புவார். கீழக்கரைக்காரர் நின்ற அதே வாசல். அப்படியானால் இரண்டும் தனித்தனியாக விட்டு, தனித்தனியாக முடியும். சொல்லாவிட்டால் சேரலாம். அல்லது என்னுடையதிலிருந்து ஏதோ இறங்கி அவருடையதும் போகலாம். எது எவ்வளவு சாத்தியம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குக்கு எண்கள் இல்லை. விருப்பம்தான் இருந்தது.

மார்ச் 26. காலை 6:50

அனுப்பினேன்: "அண்ணே, என்னோடதத் தனிக் கிண்ணத்துல வைங்க. உங்க தொட்டியில விட வேண்டாம்."

ஒலிச்செய்தி, கிளாட்வின்: "ஏன்ப்பா? தனியா வச்சா நேரம் பிசகிரும். ஒரே தண்ணியில, ஒரே நெலா வெளிச்சத்துல இருந்தாத்தான் ஒண்ணா விடும். ஒனக்குத் தெரியாததா? என்ன, எம் பிள்ள மேல சந்தேகமா?"

இல்லை என்று அனுப்பினேன்.

மார்ச் 28. காலை 9:25

ஒலிச்செய்தி, கிளாட்வின்: "வேம்பார் தாண்டிட்டேன். ஒரு மணி நேரத்துல வந்துருவேன். பெட்டிய ரெடியா வை. டீ போடாத, ஒன் டீயில அளவு பாத்துச் சீனி போடுவ."

காலை 9:50

இன்னும் சொல்லலாம். அரை மணி நேரத்தில் இருபது முறை சொல்லலாம்.

திறந்திருக்கிறது. இரண்டு விரல்களிலும். காலையில் திறக்காது, மாலையில்தான் திறக்கும். இன்று திறந்திருக்கிறது. பசியாக இருக்கலாம். நல்லதாக இருக்கலாம். மறுபடி சோதித்தேன். நிறம் மாறவில்லை. மறுபடி. மாறவில்லை. குப்பி தீர்ந்தது.

இதைப் படிக்கிறவருக்கு. மண்டபத்துத் தொட்டி அடுத்த மாதம் உயிரோடு இருந்தால் இந்தப் பக்கங்கள் வேண்டாம், கிழித்துவிடுங்கள். இல்லை என்றால், கிளாட்வின் தன் வெப்பத்தையும் தன் உப்பையும் தன் கைகளையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் கொடுங்கள். காரணம் அவர் இல்லை. குடம் தேய்த்தவரும் இல்லை. தெரிந்து கொடுத்தது நான்.

இப்போதே அவருக்கு அனுப்பலாம். அனுப்ப

காலை 11:30

வந்தார். டீ குடித்தார். பெட்டிக்குள் குனிந்து இரண்டு விரல்களையும் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார். நான் பெட்டியை மூடி, நாடாவால் ஒட்டி, வண்டிவரை தூக்கிக் கொடுத்தேன். செம்பைப் பற்றிச் சொல்லவில்லை.

வண்டி திரும்பியதும் சொர்ணக்கிளி அக்காவின் பின்கட்டுக்குப் போய் மோட்டாரை நிறுத்தினேன், வடிகட்டியைக் கழற்றினேன், அவருடைய குழாயைப் பழையபடி மாட்டிக் கொடுத்தேன்.